ஆங்கிலக் கடிதத்தில் 'எஸ்' எங்கே வரும், எங்கே வராது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் "அம்பது கிலோ மல்லி வந்துருக்கு" என்பார்கள். "மல்லிகைகள் வந்திருக்கின்றன" என்று அங்கே யாரும் பேசுவதில்லை. பத்து வாழைத்தார், மூணு வருஷம், நூறு ரூபா என்று எண் முன்னால் நின்றுவிட்டால் தமிழுக்குக் 'கள்' வேண்டியதில்லை. எண்ணே இல்லாவிட்டாலும் 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் சரி. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஒன்றா பலவா என்பதை வினைமுற்று சொல்லிவிடும்.

இந்தக் காதோடுதான் நாம் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத உட்காருகிறோம். தமிழ் 'கள்' கேட்காத இடத்தில் எஸ்ஸை விட்டுவிடுகிறோம்; 'கள்' தாராளமாக ஒட்டும் இடத்தில் எஸ்ஸையும் ஒட்டிவிடுகிறோம். ஒருமை பன்மைப் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டில் அடங்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பிடிப்பது சுலபம்.

அதிகம் கண்ணில் படுவது இரண்டாவது வகை. தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள், உபகரணங்கள் எல்லாம் நல்ல தமிழ். ஆனால் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எவிடென்ஸ்', 'எக்விப்மென்ட்' ஆகிய சொற்களை ஆங்கிலம் தண்ணீரைப் போல, அரிசியைப் போலப் பார்க்கிறது. அளக்கலாம், எண்ண முடியாது. ஃபர்னிச்சர், லக்கேஜ், ஸ்டேஷனரி, மெஷினரி, சாஃப்ட்வேர், ஃபீட்பேக், கரஸ்பாண்டன்ஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். இவற்றுக்கு எஸ் கிடையாது. முன்னால் 'ஆன்' அல்லது 'எ' போடுவதும் கூடாது. வினை எப்போதும் ஒருமை.

அப்படியானால் எண்ணிக்கை சொல்ல வேண்டிய இடத்தில் என்ன செய்வது? 'பீஸஸ் ஆஃப் எக்விப்மென்ட்', 'ஐட்டம்ஸ் ஆஃப் ஸ்டேஷனரி' என்று எழுதலாம். அதைவிட நல்ல வழி, பொருளின் பெயரையே எழுதிவிடுவது. பள்ளிக்கூடத்துக்கு 25 ஃபர்னிச்சர் வேண்டும் என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. 15 நாற்காலி, 8 மேசை, 2 அலமாரி என்று எழுதினால் இலக்கணமும் தப்பாது, கொட்டேஷனும் சரியாக வரும். 'ஸ்டாஃப்' என்ற சொல் ஒரு அலுவலகத்தின் ஆட்கள் மொத்தத்தையும் குறிக்கும். ஆகவே 'ட்வென்டி ஸ்டாஃப்ஸ்' தவறு, 'ட்வென்டி மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்' சரி.

கம்ப்யூட்டரின் எழுத்துப்பிழை திருத்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். 'எவிடென்சஸ்' என்பது 'சான்றாகக் காட்டுகிறது' என்ற வினைச்சொல்லாகவும் ஆங்கிலத்தில் உண்டு. சொல் இருக்கிறது என்பதால் சிவப்புக் கோடு விழாமல் போகலாம்.

அடுத்தது எஸ்ஸை விட்டுவிடும் வகை. 'ஒன் ஆஃப் மை டீச்சர்' என்று எழுதக் காரணம், 'ஒன்' என்று தொடங்கியதும் மனசு ஒருமைக்குப் போய்விடுவதுதான். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'என் ஆசிரியர்களில் ஒருவர் வந்தார்.' 'ஆசிரியரில் ஒருவர்' என்று சொல்வோமா? ஆங்கிலமும் அப்படியே: 'ஒன் ஆஃப் மை டீச்சர்ஸ் இஸ்'. பெயர் பன்மை, வினை ஒருமை. 'ஈச் ஆஃப்' வந்தாலும் இதே கணக்கு.

ஆனால் 'ஆல்' என்ற சொல்லில் தமிழ் நம்மை வழுக்கிவிடும். 'எல்லா சர்டிபிகேட்டும் இருக்கு' என்கிறோம். 'எல்லா' வந்தாலும் பெயர் ஒருமையிலேயே நிற்கிறது, பின்னால் ஒரு 'உம்' மட்டும் சேர்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு 'ஆல் மை சர்டிபிகேட்' என்று எழுதிவிடுகிறோம். 'ஆல் மை சர்டிபிகேட்ஸ்' என்றுதான் வர வேண்டும். 'எவ்ரி' மட்டும் நம் 'ஒவ்வொரு' போல. அதற்குப் பின்னால் ஒருமை.

வினை பொருந்தாமல் போவதற்கு நான் முக்கியமாக நினைக்கும் காரணம் வேறு. 'சான்றிதழ்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தலைமைச் சொல், அதாவது வினை எதைப் பற்றியதோ அந்தச் சொல், பட்டியல். அது வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் வரிசை புரண்டுவிடுகிறது: 'த லிஸ்ட் ஆஃப் சர்டிபிகேட்ஸ் இஸ் அட்டாச்டு'. தலைமைச் சொல்லான லிஸ்ட் முன்னால் போய்விட்டது, வினைக்குப் பக்கத்தில் சர்டிபிகேட்ஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதோடு வினையைப் பொருத்தியே பழகிய நாம் 'ஆர்' போட்டுவிடுகிறோம். 'ஆஃப்' என்ற சொல் கண்ணில் பட்டால் அதற்கு முன்னால் இருக்கும் பெயரைப் பிடியுங்கள். அநேகமாக வினை அதற்குத்தான் சொந்தம். விலக்கு ஒன்று உண்டு: 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'பல மாணவர்கள்', அதற்கு 'ஆர்'. 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் 'மாணவர் எண்ணிக்கை', அதற்கு 'இஸ்'.

இனி எண்களும் அளவுகளும். 'ஃபோர் இயர்ஸ் டிகிரி' என்று பயோடேட்டாவில் எழுதுகிறவர்கள் அதிகம். பெயர்ச்சொல் இன்னொரு பெயரின் முன்னால் அடைமொழியாக நிற்கும்போது எஸ்ஸை உதறிவிடும். நம் ஊரிலும் பூக்கடை, மாட்டுச் சந்தை, வாழைமண்டி என்றுதானே சொல்கிறோம்? கடையில் ஆயிரம் பூ இருந்தாலும் அது பூக்கள்கடை ஆவதில்லை. அதே மாதிரி 'ஃபோர்-இயர் டிகிரி', 'ஃபைவ்-கிலோகிராம் பேக்'. நடுவில் சிறுகோடு வேண்டும். அடைமொழியாக இல்லாமல் தனியாக நின்றால் எஸ் திரும்பி வரும்: 'டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. லீவ் லெட்டரில் 'டூ டேஸ் லீவ்' என்று எழுதினால் 'டேஸ்' என்பதன் எஸ்ஸுக்குப் பிறகு அப்பாஸ்ட்ரஃபி. ஒரு நாள் லீவ் என்றால் எஸ்ஸுக்கு முன்னால்.

சில சொற்கள் மட்டும் அடைமொழியிலும் எஸ்ஸை விடாது: சேவிங்ஸ் அக்கவுண்ட், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன், ஸ்போர்ட்ஸ் டீச்சர், கஸ்டம்ஸ் ஆபீசர். பேங்குக்கு எழுதும் கடிதத்தில் 'சேவிங் அக்கவுண்ட்' என்று எழுதாதீர்கள்.

ஒன்றைத் தாண்டிய எந்த அளவும் பன்மைதான். ஒன்றரை வருஷம் 'ஒன் அண்ட் எ ஹாஃப் இயர்ஸ்'. ஆனால் 'மோர் தேன் ஒன்' என்று வந்தால், பொருள் பன்மையாக இருந்தும், பெயரும் வினையும் ஒருமை: 'மோர் தேன் ஒன் ஸ்டூடண்ட் இஸ்'. பணத்தையும் எடையையும் மொத்தமாகச் சொன்னால் வினை ஒருமை: 'டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் ட்யூ'. எண்ணோடு வரும்போது ஹண்ட்ரட், தவுசண்டுக்கு எஸ் இல்லை, ருபீஸுக்கு உண்டு. மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. அதை வெளியூருக்கு அனுப்பும் பில்லில் 'கேஜிஎஸ்' என்று பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அலகின் குறியீட்டுக்குப் பன்மையே கிடையாது. 1 கேஜி, 50 கேஜி, அவ்வளவுதான். கிலோகிராம் என்று முழுசாக எழுதினால்தான் எஸ் சேரும்.

எஸ் சேர்ந்தால் பொருளே மாறிவிடும் சொற்களில் கூடுதல் கவனம் தேவை. உயர் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு ஆங்கிலம் என்கிறது அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு. 2004 முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால், அங்கே போகும் வழக்குக்காகக் குறிப்பு எழுதித் தருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'டேமேஜ்' என்றால் சேதம். 'டேமேஜஸ்' என்றால் அந்தச் சேதத்துக்குக் கேட்கும் இழப்பீட்டுத் தொகை. வீட்டுச் சுவர் மூன்று இடத்தில் விரிந்திருந்தாலும் நடந்தது டேமேஜ்தான். 'பிரிமிசஸ்' கட்டடமும் வளாகமும். ஒரே கட்டடமானாலும் பன்மை வினை எடுக்கும். நிலுவைத் தொகை 'அரியர்ஸ்', விற்று வந்த பணம் 'ப்ரொசீட்ஸ்', இரண்டும் பன்மை.

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குக் கிரேக்க, லத்தீன் சொற்கள் தனித் தொல்லை. தீசிஸ், ஹைப்பாதிசிஸ், அனாலிசிஸ் பன்மையாகும்போது கடைசி எஸ்ஸுக்கு முந்தின ஐ எழுத்து ஈ எழுத்தாகும். ஒன்று என்றால் 'க்ரைட்டீரியன்', பல என்றால் 'க்ரைட்டீரியா'. 'ஐ ஆம் ஆன் அலும்னை' என்று ஒரு ஆள் எழுத முடியாது, 'அலும்னை' பலர். ஒருவர் 'அலும்னஸ்', பெண்ணானால் 'அலும்னா' என்றும் எழுதுவர். 'டேட்டா' இரண்டு விதமாகவும் வழங்குகிறது. எதை எடுத்தாலும் ஆய்வேடு முழுக்க அதையே வைத்திருங்கள்.

ஒரு வேலை விண்ணப்பத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் எ ஃபோர் இயர்ஸ் டிகிரி அண்ட் ஹேவ் டூ இயர் எக்ஸ்பீரியன்ஸ். ஆல் மை சர்டிபிகேட் ஆர் என்க்ளோஸ்டு. த லிஸ்ட் ஆஃப் ரெஃபரன்சஸ் ஆர் அட்டாச்டு.' மூன்றே வாக்கியம், நான்கு பிழை. திருத்தும்போது மொத்தமாகப் படிக்காமல் மூன்று தடவை தனித்தனியாகப் போங்கள். முதல் தடவை எண்களை மட்டும்: ஃபோர், டூ. ஃபோருக்குப் பின்னால் அடைமொழி, ஆகவே 'ஃபோர்-இயர்'; டூவுக்குப் பின்னால் 'இயர்ஸ் ஆஃப்'. இரண்டாம் தடவை ஆல், எவ்ரி, ஈச், ஒன் ஆஃப்: 'சர்டிபிகேட்ஸ்'. மூன்றாம் தடவை ஒவ்வொரு இஸ், ஆர், ஹேஸ், ஹேவ் மீதும் விரல் வைத்து, அதன் தலைமைச் சொல்லைப் பின்னோக்கித் தேடுங்கள். 'அட்டாச்டு' என்பதற்கு முன்னால் 'ஆர்'. அதற்கு முன்னால் 'ரெஃபரன்சஸ்'. அதைத் தாண்டினால் 'ஆஃப்'. அதற்கும் முன்னால் நிற்பது 'லிஸ்ட்'. அங்கே 'இஸ்' வர வேண்டும்.