ஷா, செக், எக்ஸ்செக்கர்

செஸ்ஸில் செக், பேங்கில் செக், செக்போஸ்ட், செக் டேம், கட்டம் போட்ட செக் சட்டை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’.

எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா’ என்று எச்சரிப்பது பழைய வழக்கம். அந்தச் சொல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. ‘செஸ்’ என்ற பெயரே அதன் பன்மைதான். செக்மேட் என்பது ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத்’ என்றால் செத்தான். அதை வைத்து ‘ராஜா செத்தார்’ என்று பலர் விளக்குகிறார்கள். பாரசீகத்தில் ‘ராஜா வழியற்று நிற்கிறார்’ என்பதே பொருள். ஆட்டத்துக்கும் அதுதான் பொருந்துகிறது. செஸ்ஸில் ராஜா வெட்டுப்படுவதே இல்லையே!

செக் விழுந்தால் வேறு காய் நகர்த்தும் திட்டமெல்லாம் நின்றுபோகும். அதனால் ‘தடு’ என்ற பொருள் வந்தது. செக் டேம் அந்த வகை. ‘சரிபார்’ என்பது அதற்கும் பிந்தியது. செக்போஸ்ட்டில் இரண்டு வேலையும் நடக்கிறது.

இங்கிலாந்தின் பழைய நிதித்துறையான எக்ஸ்செக்கர், கணக்கைச் ‘செக்’ பண்ணுவதால் பெயர் பெற்றது என்று நினைப்பது தவறு. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் செஸ் பலகை என்று பொருள். கணக்குப் பார்த்த மேசை அந்தப் பலகை மாதிரி இருந்ததால் வந்த பெயர் இது. 12ஆம் நூற்றாண்டில் அரசரின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிய நூல் அந்த மேசையை அளவோடு விவரிக்கிறது. சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைத்தது விழாதபடி நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி.

ரோமன் எண்களை எழுதிவைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று வரிசை வரிசையாக வில்லைகளை வைத்தார்கள். பென்னி வரிசையில் 12 சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஷில்லிங்கில் ஒன்று. ஷில்லிங்கில் 20 சேர்ந்தால் பவுண்டில் ஒன்று. அரசருக்காக மாவட்டத்தில் வரி வசூலித்த அதிகாரியான ஷெரிப் கட்டவேண்டிய தொகை மேலே, கட்டியது கீழே. மேலிருந்து கீழதைக் கழித்தால் பாக்கி எல்லோர் கண்ணெதிரிலும் கிடக்கும். எழுத்தறியாத ஷெரிப்பும் ஏமாற முடியாது, ஏமாற்றவும் முடியாது.

பேங்க் செக் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மோசடியைத் தடுக்கப் பணச்சீட்டோடு வைத்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகே சீட்டுக்கு வந்தது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் அதைக் ‘கியூ’ போட்டு எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் இன்றும் ‘சி’, ‘கே’ போட்டே எழுதுகிறார்கள்.