பழைய மாசி பெர்குசன் 1035 டிராக்டர்: பின் ஆக்சில் சீல் மாற்றும் வேலை

பிசான நெல்லுக்குச் சேற்றுழவான தொழி முடிந்து, சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றும்போதுதான் நெல்லை மாவட்டத்து அம்பை, சேரன்மகாதேவி பக்கத்து வண்டிகளில் இது கண்ணில் படும். டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து, அதன்மேல் சேறு அப்பிக் காய்ந்து கிடக்கும். அந்தப் பக்கத்துப் பிரேக் அதற்கு முன்பே வழுக்க ஆரம்பித்திருக்கும். உலர் டிரம் பிரேக் உள்ள வண்டியில் செய்த வேலை இது.

சீல் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) வாங்கப் போகுமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். டிப்பர் தூக்கி நிற்கையில் அளவு பார்த்து ஊற்றினால், டிப்பர் இறங்கியதும் எண்ணெய் மிஞ்சி ஆக்சில் குழாய்க்குள் ஏறும். காற்றுப் போக்கியான பிரீதரில் சேறு அடைத்திருந்தாலும் சூட்டில் அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டித் தள்ளும்.

எண்ணெய் முழுவதையும் வடிக்க வேண்டாம். ஒழுகும் பக்கத்தை உயரத் தூக்கினால் அது மறுபக்கம் போய்விடும். முன் ஆக்சில் நடுப் பின்னில் ஆடுவது. இருபுறமும் மர ஆப்பு அடிக்காமல் தூக்கினால் வண்டி சாயும். தூக்கியதும் ஆக்சில் குழாய்க்கு அடியில் கட்டை அடுக்கி இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது.

டிரம்மைக் கழற்றி, பிரேக் தட்டின் நட்டுகளை எடுங்கள். பிறகு டிரம்மைத் திருப்பி வைத்து, வீல் நட்டுகளை நுனியில் மட்டும் மாட்டி, வெளிப்பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தால் ஷாப்ட் பேரிங்கோடு வரும். இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய ஷிம் தகடுகளை உடனே கம்பியில் கோத்துவிடுங்கள். எண்ணிக்கை மாறினால் ஷாப்ட் ஆட்டம் மாறிவிடும்.

உள் சீல் குழாய்க்குள் இருக்கிறது, நெம்பி எடுத்துவிடலாம். வெளி சீல், வீல் மாட்டும் ஹப்புக்கும் பேரிங்குக்கும் நடுவே மாட்டியிருக்கும். அதற்குப் பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் வளையத்தைப் பாதி ஆழம் துளைத்து உளியால் பிளக்க வேண்டும். துளை ஷாப்டைத் தொட்டால் அந்த இடத்தில் பின்னாளில் முறியும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடுவது. சீல் உதடு ஓடிய தடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். பள்ளம் லேசானால் சீலை 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். ஆழமானால் லேத் பட்டறையில் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்றுவதுதான் வழி.

உள் சீலின் ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, வெளி விட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த்துண்டை வைத்துச் சமமாகத் தட்டுங்கள். பேரிங்கை 120 டிகிரிக்கு மேல் போகாத எண்ணெயில் சூடாக்கி ஏற்றுங்கள்; நெருப்பைக் காட்டினால் பக்கத்திலிருக்கும் புதுச் சீல் கருகும். ஷாப்டைத் திருப்பிச் செருகும்போது அதன் பல் உதட்டில் உரசினால் அங்கேயே கிழியும், அதனால் நுனியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒருவர் எடையைத் தாங்கிப் பிடிக்க, மெதுவாகத் தள்ளி, சீலைத் தாண்டியதும் தாளை மறக்காமல் உருவிவிடுங்கள்.

எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் சூட்டில் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். டிரம் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வண்டியைச் சமதரையில் இறக்கி, டிப்பரையும் லிப்டையும் தாழ்த்திய பிறகே எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, டயரின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.