பத்து சிசி இரும்பு

"நாளைக்கு வேண்டாமென்று தோன்றினால் பழையபடி ஆக்கிவிட முடியுமா?" என்று அவர் கேட்டார். "இதுவரை யாரும் அப்படித் திரும்பி வந்ததில்லை" என்று நான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வேலைத்தாளில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

வண்டி 1970-ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. 400 கன அங்குல ராம் ஏர் த்ரீ என்ஜின், நான்கு கியர், அன்றைய கணக்கில் 366 குதிரைத்திறன். இளவயதில் அதைப் புதிதாக வாங்கியவரும் அவரே, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரே. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே கிரேப்வைன் ஏற்றத்தில் ஏறும்போது, வாணலியில் கடுகு வெடிப்பதைப் போன்ற சத்தம் என்ஜினிலிருந்து வருவதாகச் சொன்னார். ஜூலை மாதம், வெளியே 105 டிகிரி ஃபாரன்ஹீட். அவர் வர்ணித்து முடிப்பதற்குள் அது நாக்கிங், அதாவது தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிப்பது, என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஏற்கெனவே இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் தள்ளியிருந்தார்கள். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எவ்வளவு முன்பே பொறி விழுகிறது என்பதைச் சொல்லும் மொத்த அட்வான்ஸ் 34 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 26 தான் இருந்தது. சத்தம் ஓரளவு அடங்கியதே தவிர, தாமதமாக எரியும் வாயுவின் சூடு எக்ஸாஸ்ட்டுக்கும் குளிர்நீருக்கும் போய், ஏற்றத்தின் பாதியிலேயே வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. கடைசியில் அவர் 100 ஆக்டேன், அதாவது எளிதில் நாக்கிங்குக்கு இடம் கொடுக்காத, பந்தய பெட்ரோலை ஒரு கேனில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்டபோது கிடைத்த பிரீமியம் பெட்ரோல் ஈயம் கலந்தது. ரிசர்ச் முறையில் அதன் ஆக்டேன் எண் 100-ஐ ஒட்டியிருந்தது. 1971 மாடலிலிருந்தே ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களின் அமுக்க விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கை, குறைத்துவிட்டது. 1996 முதல் அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதற்கே தடை வந்தது. இன்று கலிபோர்னியாவின் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பிரீமியம் 91. அந்த எண் ரிசர்ச், மோட்டார் ஆகிய இரண்டு முறைகளின் சராசரி. நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்குகளில் சொல்வது ரிசர்ச் எண் மட்டும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ரிசர்ச் கணக்கில் பார்த்தால் இது 95 அல்லது 96 வரும். அப்படிப் பார்த்தாலும் நான்கைந்து புள்ளிகள் குறைவு. மலையேற்றத்தில், வெயிலில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வார்ப்பிரும்பாக இருக்கும் என்ஜினுக்கு அந்தக் குறைவு பெரிது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கான் முழுவதும் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளும், அவற்றுக்கு நடுவே மினுங்கும் சில வெள்ளித் துகள்களும் இருந்தன. அந்த வெள்ளித் துகள் பிஸ்டனின் அலுமினியம். நாக்கிங் ஒவ்வொரு முறை நிகழும்போதும் பிஸ்டனின் தலையிலிருந்து மணலளவு உலோகத்தைப் பெயர்த்து எடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. அவரிடமும் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் அஞ்சியது அந்த நொடியில்தான் என்று நினைக்கிறேன். பின்னால் அவர் எடுத்த முடிவில் அந்த அச்சத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை இப்போதும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

ஹெட்டுகளை இறக்கி, எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, கண்ணாடித் தகட்டை ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து நிறமேற்றிய திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். இந்த ஹெட்டுக்கு, அதாவது நடு எக்ஸாஸ்ட் துளைகளின் மேல் 12 என்று வார்க்கப்பட்ட ஹெட்டுக்கு, எரியறை 72 சிசி (கன சென்டிமீட்டர்) என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என் ப்யூரெட் 68-இல் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் என்ஜினைப் பிரித்துக் கட்டியபோது, ஹெட்டின் முகத்தை வழித்திருக்கிறார்கள். பிளாக்கின் மேல்தளத்தையும் பிஸ்டனின் தலைமட்டத்துக்குச் சமமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிலிண்டரை 30 தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு, பெரிதாக்கியிருக்கிறார்கள். நிறுவனம் விளம்பரப்படுத்திய அமுக்க விகிதம் 10.5. அந்தக் கால விளம்பர எண்கள் தாராளமானவை. தொழிற்சாலையிலிருந்து வந்த புதிதில் அளந்திருந்தால் 10-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். இப்போதோ கூட்டிக் கழித்துப் பார்த்தால் 10.9 வந்தது.

அதைவிடப் பெரிய தவறு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் இருந்தது. வண்டி நகரத்துக்குள் பதமாக ஓட வேண்டும் என்று நினைத்து, மிக மென்மையான ஒரு கேமைப் போட்டிருந்தார்கள். மென்மையான கேம், கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வை முன்கூட்டியே மூடிவிடும். வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது என்பதால், சீக்கிரம் மூடினால் அடைபடும் காற்றும் அதிகம், அழுத்தமும் அதிகம். ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி அளக்கும் கிராங்கிங் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டியிருந்தது. வால்வு மூடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் இயங்குநிலை விகிதம் 9-ஐ நெருங்கியது; இரும்பு ஹெட் வைத்துக்கொண்டு 91 ஊற்றுகிறவர்கள் அதை 8-க்குள் வைத்துக்கொள்ளவே பார்ப்பார்கள். சாலைக்கு ஏற்றபடி மாற்றுவதாக நினைத்துச் செய்த வேலையே வண்டியைச் சாலைக்கு ஒவ்வாததாக ஆக்கியிருந்தது. யார் செய்தது என்று அவர் சொன்னார். நான் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

இனிதான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் பகுதி.

வழிகள் பல இருந்தன. தலையில் பள்ளம் வைத்த பிஸ்டன்களைப் போட்டால், ஹெட்டைத் தொடாமலே விகிதத்தை இறக்கலாம். ஹெட்டின் தட்டைப் பகுதியும் பிஸ்டனும் நெருங்கி வந்து கலவையைப் பிளக்கை நோக்கித் தள்ளும் அந்த நல்ல குணமும் கெடாது. அல்லது எழுபதுகளின் பிற்பாதியில் வந்த, எரியறை பெரிதான 6எக்ஸ் ஹெட்டுகளை வாங்கிப் பொருத்திவிட்டு, இந்த 12-ஆம் எண் ஹெட்டுகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அவர் கராஜிலேயே வைத்துவிடலாம். அலுமினிய ஹெட்டுகளும் இருக்கின்றன; விலையும் தோற்றமும் அவருக்கு ஒத்துவராது என்பதால் அதை இருவருமே உடனே விட்டோம். மிச்சமிருந்தது, இந்த ஹெட்டின் எரியறைகளையே உள்ளுக்குள் கடைந்து பெரிதாக்குவது. ஒவ்வொன்றிலும் 10 சிசி எடுத்து 78 ஆக்கி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் 39 தவ் கேஸ்கட்டுக்குப் பதில் 51 தவ் கேஸ்கட் வைத்தால் விகிதம் 9.6. இன்டேக்கைச் சற்றுத் தாமதமாக மூடும் கேமையும் சேர்த்தால் இயங்குநிலை விகிதம் 7.6.

நான் எல்லா வழிகளையும் சொன்னேன். அதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. பிஸ்டனைப் பற்றிச் சொல்லும்போது, இப்போதிருப்பவை நாலாயிரம் மைல் மட்டுமே ஓடியவை என்றும், புதியவை வர ஆறு வாரம் ஆகும் என்றும், மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்றும் அடுக்கினேன். 6எக்ஸ் ஹெட்டைப் பற்றி, "விகிதம் 8.6-க்கு இறங்கிவிடும், வண்டி சோம்பிப் போகும்" என்றேன். விகிதத்தில் ஒரு புள்ளி குறைந்தால் சக்தியில் மூன்று, நான்கு விழுக்காடு குறையும் என்பதுதான் நாங்கள் எல்லோரும் கொள்ளும் கணக்கு. எழுபதைக் கடந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டியில் அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமா என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைவதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் குரலில் ஓர் உற்சாகம் வந்திருக்கும். எரியறை கடைவதில் எனக்குக் கைத்திறன் உண்டு. பட்டறையில் அந்த வேலை வந்தால் என்னிடம்தான் வரும். நன்றாகச் செய்யத் தெரிந்த வேலையைக் கை தேடிப் போகும் என்பதை நான் பிறரிடம் பார்த்திருக்கிறேன். அன்று என்னிடம் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "முடியாது, எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் அப்போதும் கையெழுத்திட்டிருக்கலாம். பொருட்காட்சிக்கு வைக்கும் வண்டி இல்லை, ஓட்டத்தான் வைத்திருக்கிறேன் என்று அவரே முதல் நாள் சொன்னார். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. ஆனால் ஓட்டத்தான் என்று சொன்ன மனிதர், பிறகு ஏன் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டார்?

வேலையை நன்றாகவே செய்தேன். புதிய கேஸ்கட்டை ஹெட்டின் மேல் வைத்து, ஊசியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு வெளியே, இரும்பைக் கடையும் முனையான கார்பைடு பர் படாமல், வால்வை நெருக்கிக்கொண்டிருந்த சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினேன். பர் இரும்பில் படும்போது முதலில் கீச்சென்று கேட்கும். கை சரியான கோணத்துக்கு வந்ததும் அந்த ஒலி தாழ்ந்து ஒரே சீராகிவிடும். சுவர் மெலிந்து நீர்ப்பாதை வரை போய்விடக் கூடாது என்பதால், நாலு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துடைத்து அளந்தேன். மூன்று நாட்கள். எட்டு அறைகளும் 78-க்கு இருபுறமும் 0.3 சிசிக்குள் வந்தன. ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கக் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் போட்டேன். மேசையில் குவிந்திருந்த கறுப்புப் பொடி எல்லாவற்றையும் கூட்டினால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதைத் தூரிகையால் தள்ளிக் குப்பையில் போட்டேன்.

டைமிங்கை மறுபடி 34 டிகிரிக்குக் கொண்டுவந்து, வாக்குவம் அட்வான்ஸை 10 டிகிரிக்கு மேல் போகாமல் நிறுத்தி, குவாட்ராஜெட் கார்புரேட்டரைச் சரிசெய்தேன். ஆகஸ்ட் நடுவில், வெறும் 91 ஊற்றி, இருவரும் கிரேப்வைன் ஏறினோம். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். அனல் முகத்தில் அடித்தது. மூன்றாவது கியரில் முழுவதும் மிதித்தார். கடுகு வெடிக்கவில்லை; முள் நகரவில்லை. சுமார் 4,100 அடி உயரத்தில் கணவாயைத் தொட்டபோது வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் டிக்கியிலிருந்த காலி பெட்ரோல் கேனை என் பெஞ்சின் அடியில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மேல் ஒரு வேலையிடம் என்ன எதிர்பார்ப்பது? பிஸ்டன் பிழைத்தது, அவர் ஆசைப்பட்டபடி ஓட்டினார், அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்த என்ஜினுக்காக அவர் வரவில்லை. மனம் உறுத்தும்போதெல்லாம் இந்த மூன்றையும் வரிசையாக நினைத்துக்கொள்வேன். வழித்துக் குறைத்திருந்த ஹெட்தானே, ஏற்கெனவே ஒருவர் கைவைத்ததுதானே, அது எப்போது பழையபடி இருந்தது என்று வாதமும் செய்வேன். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெட்டின் முகத்தை வழித்தவர் எடுத்தது நாலு சிசி. நான் எடுத்தது பத்து. அதுவும், அந்த ஹெட்டுகள் சாலைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகு, கேட்டவருக்கு நேரான பதில் சொல்லாமல் எடுத்தேன்.

சென்ற குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். வண்டியை விற்கப் போவதாக மகன் தொலைபேசியில் சொன்னார். வாங்க வருபவர் கேட்கிறார் என்று, "ஹெட்டுகள் ஒரிஜினல்தானே?" என்றார். "வார்ப்பு எண்ணும் தேதிக் குறியும் அந்த வண்டியோடு வந்தவைதான்" என்றேன். சொல்லி முடித்த கணமே, மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையிடம் நான் பேசிய அதே குரல் என் காதில் விழுந்தது. இந்த முறையும் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வேலைத்தாளின் நகலைக் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். அதில் "ஹெட் சர்வீஸ், சீட் மாற்றம், கேம், கேஸ்கட்" என்று மட்டும் இருந்தது. அளவுகள் அதில் இல்லை. அவை என் கைக்குறிப்பேட்டில் இருந்தன. இடப்பக்கம் எட்டு எண்கள், எல்லாம் 68-ஐ ஒட்டி. வலப்பக்கம் எட்டு எண்கள், எல்லாம் 78-ஐ ஒட்டி. நடுவில் ஓர் அம்புக்குறி. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தையும் படமெடுத்து, வேலைத்தாளோடு சேர்த்து அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

அன்றிரவே பதில் வந்தது. நன்றி என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி கேட்டிருந்தார்: "அந்த அம்புக்குறிக்கு என்ன அர்த்தம்?" இதை எழுதும் இந்த நேரம் வரை நான் அவருக்குப் பதில் எழுதவில்லை.