விதைநெல்லும் கைக்காசும்

டிசம்பர் 9, 2024

பேஸ்பால் நட்சத்திரம் ஹுவான் சோட்டோ ரொறன்ரோவுக்கு வரவில்லை. நியூயோர்க் மெட்ஸ் அணி 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டொலர் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டதாக நேற்றிரவு செய்தி உறுதியானது. கடைசி வரை பேரத்தில் நின்ற அணிகளுள் நமது புளூ ஜேஸும் ஒன்று. சென்ற டிசம்பரில் ஷோஹெய் ஒஹ்டானி ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று ஊரே நம்பியிருக்க, அவர் 700 மில்லியனுக்கு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார். ஆக, தொடர்ந்து இரண்டாவது குளிர்காலத்திலும் பணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறோம்.

சோட்டோவின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், ஓர் அணியைக் கட்டும் வழிகள் எல்லாம் அவர் ஒருவரிடமே கிடைக்கின்றன. 2022 ஓகஸ்டில் சான் டியேகோ பாட்ரேஸ் அவரை வொஷிங்டனிடமிருந்து வாங்கியபோது சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வூட் உள்ளிட்ட ஐந்து இளம் வீரர்களைக் கொடுத்தது. ஒன்றரைப் பருவம் கழித்து அவரையே யாங்கீஸுக்குக் கொடுத்து, மைக்கல் கிங் உள்ளிட்ட ஐவரைப் பெற்றது. யாங்கீஸ் அவரோடு ஒரே பருவம் ஆடி, இறுதித் தொடர் வரை போய்த் தோற்றது. இப்போது மெட்ஸ் எந்த இளைஞனையும் இன்னோர் அணியிடம் ஒப்படைக்காமல் உரிமையாளரின் பணத்தைக் கொண்டே அவரை எடுத்திருக்கிறது. ஏப்ரம்ஸ் இந்த ஆண்டு ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவானதை வைத்துப் பார்க்கையில், 765 மில்லியனைவிட அந்த ஐவரின் விலையே எனக்குக் கனமாகத் தெரிகிறது.

டிசம்பர் 11, 2024

கிளீவ்லண்டிலிருந்து ஆந்த்ரேஸ் ஹிமேனெஸ் வருகிறார். நாம் கொடுத்தது ஸ்பென்சர் ஹொர்விட்ஸையும் நிக் மிச்செல் என்ற இளைஞரையும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது வாங்கிய இரண்டாம் பேஸ் காவலருக்கு இது மிகச் சொற்ப விலை என்று தோன்றலாம். ஆனால் அவரோடு 2029 வரை நீளும் ஒப்பந்தமும் வருகிறது. அதில் மீதியிருப்பது 90 மில்லியன் டொலருக்கும் மேல். கிளீவ்லண்ட் சிறிய வரவுசெலவில் நடக்கும் அணி, அந்தத் தொகையை இறக்கிவைக்க இடம் தேடியது. இதை வீரர் பரிமாற்றம் என்று பத்திரிகைகள் எழுதினாலும் உண்மையில் இது நமது அணியின் உரிமையாளரான ரொஜர்ஸ் நிறுவனத்தின் பணத்தால் நடந்த கொள்முதல்தான்.

இதிலுள்ள முக்கியமான வேறுபாடு பலருடைய பேச்சில் விடுபட்டுப்போகிறது. ஒப்பந்தம் முடிந்து விடுபட்ட வீரரான ஃப்ரீ ஏஜென்ட் தனக்குப் பிடித்த ஊரைத் தானே தேர்ந்தெடுப்பார். எல்லை தாண்டிய நாடு, வேறு வரி, செயற்கைப் புல்தரை என்று அவர் மறுப்பதற்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். பரிமாற்றத்தில் அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் அதற்கான பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தாலொழிய, சொன்ன இடத்துக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டு முறை மறுக்கப்பட்ட ஓர் அணி, மறுக்க முடியாத ஒருவரைத் தேடிப்போனதில் வியப்பில்லை.

ஜனவரி 21, 2025

இந்த மாதம் இரண்டு ஃப்ரீ ஏஜென்ட்கள் கிடைத்திருக்கிறார்கள். சென்ற பருவத்தில் பால்டிமோருக்காக 44 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்த அந்தோனி சான்டான்டேர், 5 ஆண்டுகளுக்கு 92.5 மில்லியன். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சராக (பந்தெறிபவராக) ஜெஃப் ஹொஃப்மன், 3 ஆண்டுகளுக்கு 33 மில்லியன்.

ஹொஃப்மனின் பெயரைக் கண்டதும் பழைய ரசிகர்களுக்கு 2015 ஜூலை நினைவுக்கு வந்திருக்கும். முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 2014இல், ஒன்பதாவது ஆளாக அவரைத் தெரிவுசெய்தது நமது அணியேதான். அடுத்த ஆண்டு டுரோய் டுலோவிட்ஸ்கியை வாங்குவதற்காக அவரைக் கொலராடோவுக்கு அனுப்பியதும் நாமேதான். அங்கே அவர் சோபிக்கவில்லை. சின்சினாட்டியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பிலடெல்பியாவில்தான் கண்டெடுக்கப்பட்டார். வளர்த்து, விற்று, வேறொருவர் செப்பனிட்ட பிறகு நாமே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறோம். பரிமாற்றத்தில் போன இளைஞர்களெல்லாம் நட்சத்திரமாகிவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு ஹொஃப்மன் ஒரு மறுமொழி. பரிமாற்றம் நடந்த நாளில் அவருடைய மதிப்பு எவ்வளவோ, அதை அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அவரால் எட்ட முடியவில்லை.

ஏப்ரல் 8, 2025

இளைய விளாடிமிர் கெரேரோ, 14 ஆண்டுகள், 500 மில்லியன். இந்தப் பருவம் முடிந்ததும் சந்தைக்குப் போக இருந்தவர் இனி நம்மிடமே இருப்பார். சோட்டோவுக்கு நீட்டிய பணத்தின் பெரும்பகுதி தன் வீட்டுப் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

2015இல் பதினாறு வயதுச் சிறுவனாக அவரை 3.9 மில்லியனுக்கு ஒப்பந்தம் செய்தபோது, வெளிநாட்டு இளைஞர்களுக்கென்று லீக் ஒதுக்கும் தொகை நமது அணியிடம் போதவில்லை. எனவே சேஸ் டி ஜோங், டிம் லொகாஸ்ட்ரோ என்று மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிய இரண்டு வீரர்களை டொட்ஜர்ஸுக்குக் கொடுத்து, அவர்களுடைய ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை வாங்கினார்கள். இளைஞர்களைக் கொடுத்து, பணம் செலவழிக்கும் உரிமையை வாங்கிய விசித்திரமான பேரம் அது. இந்த அணியின் வரலாற்றில் அதைவிட லாபமான ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 16, 2025

போஸ்டன் நேற்று ரஃபயேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டது. 250 மில்லியனுக்கு மேல் மீதியிருந்த ஒப்பந்தம் முழுவதையும் ஜயண்ட்ஸ் ஏற்றுக்கொண்டது. நீண்ட ஒப்பந்தம் என்றால் கழுத்தில் கட்டிய கல் என்பார்கள். ஆட்டக்காரர் நன்றாக ஆடும்வரை அதையும் கைமாற்றலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் சான்டான்டேருக்கோ தோளில் காயம். அவரை இன்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓகஸ்ட் 1, 2025

பரிமாற்றக் காலக்கெடு நேற்று மாலை 6 மணிக்கு முடிந்தது. பிரிவில் முதலிடத்தில் நிற்கும் அணி என்ற வகையில் எதை விற்கப்போகிறோமோ என்று வாரம் முழுவதும் கலக்கமாக இருந்தது. கடைசியில் ஷேன் பீபர் வந்தார், கால் ஸ்டீபன் போனார்.

பீபர் 2020இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றவர். 2024 ஏப்ரலில் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. ஸ்டீபனோ சென்ற ஆண்டு டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டு, ஓராண்டுக்குள் மைனர் லீக் படிகளில் விரைந்து ஏறிக்கொண்டிருந்த பிட்சர். காயத்திலிருந்து மீண்டுவரும் ஒருவரின் இரண்டு மாதங்களுக்காக அவரைக் கொடுத்தது அதிகமோ என்று கேட்பவர்கள், ஸ்டீபன் ஏன் அவ்வளவு மதிப்புள்ளவர் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பெரிய லீக்குக்கு ஏறும் வீரர் ஆறு சேவை ஆண்டுகள் முடியும்வரை ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியாது. பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகள் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அடிமட்டச் சம்பளந்தான், இந்த ஆண்டில் அது 760,000 டொலர். அதன்பின் மூன்று ஆண்டுகள் நடுவர் தீர்ப்பின் வழியே சம்பளம் சிறிது சிறிதாக உயரும். அதே தரமுள்ள பிட்சரைச் சந்தையில் வாங்கினால் ஆண்டுக்கு 20 மில்லியனுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிதான் இளைஞரின் விலை. அவருடைய கையின் திறமை அதில் பாதிதான்.

எனவே சிறிய வருமானம் உள்ள கிளீவ்லண்டுக்கு ஸ்டீபன் பொன், நமக்கோ வெள்ளி. ரொஜர்ஸ் போன்ற பெருநிறுவனம் பின்னால் நிற்கும் அணி அந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்பிக்கொள்ள முடியும். ஒரே வீரர் இரண்டு அணிகளின் கணக்கேட்டில் இரண்டு வேறு மதிப்புகளில் இருப்பதால்தான் பரிமாற்றம் என்பதே நடக்கிறது. அதே வேளை, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு ஓர் அளவு உண்டு. சான் டியேகோவின் பொது முகாமையாளர் ஏ. ஜே. பிரெலருக்கு அந்த அளவு தெரியவில்லை. நேற்று அவர் பதினெட்டு வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் காவலர்) லியோ டி வ்ரீஸோடு இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக் கொடுத்து, மேசன் மில்லரையும் ஜே. பி. சியர்ஸையும் வாங்கியிருக்கிறார். மில்லரின் பந்து மணிக்கு 100 மைலைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் மட்டுமே எறியும் ஒருவருக்காக நான் அந்தப் பையனைக் கொடுத்திருக்கமாட்டேன்.

நமது பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ் செய்தவற்றுள் எனக்குப் பிடித்தது, செய்யாமல் விட்ட ஒன்று. சென்ற ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவான ட்ரே யெசாவெஜ் இன்னும் நம்மிடம் இருக்கிறார்.

செப்டம்பர் 16, 2025

யெசாவெஜ் நேற்று டம்பாவில் முதன்முறையாகப் பெரிய லீக்கில் எறிந்தார், 5 இன்னிங்ஸில் 9 ஸ்ட்ரைக்அவுட், அதாவது ஒன்பது பேரை எறிந்தே ஆட்டமிழக்கச் செய்தார். இந்தப் பருவத்தை மைனர் லீக்கின் கீழ்ப்படியான டனிடினில் தொடங்கியவர், வன்கூவர், நியூ ஹம்ப்ஷயர், பஃபலோ என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறார். பீபரும் சென்ற மாதம் மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 6 இன்னிங்ஸுக்கு ஓர் ஓட்டம் மட்டுமே கொடுத்தார்.

செப்டம்பர் 29, 2025

94 வெற்றி, 68 தோல்வி. யாங்கீஸுக்கும் அதே எண்ணிக்கைதான் என்றாலும், நேருக்கு நேர் ஆடியதில் நாமே முன்னிலை என்பதால் பிரிவு நமக்கு. சென்ற ஆண்டு 74 வெற்றியோடு கடைசியில் கிடந்த அணி இது.

நேற்று மயாமியில் மெட்ஸ் தோற்று வெளியேறியது. சம்பளப் பட்டியல் 300 மில்லியனைத் தாண்டிய அணி, 83 வெற்றிகளோடு சின்சினாட்டிக்குச் சமமாக நின்று, நேரடி மோதல்களின் கணக்கில் வாய்ப்பை இழந்தது. இதைச் சோட்டோவின் தலையில் கட்டுவது அநியாயம். 43 ஹோம் ரன்னும் 38 பேஸ் திருட்டும் கொடுத்த ஒருவரிடம் இன்னும் என்ன கேட்பது? பிட்சர்கள் வரிசையாகக் கலைந்தபோது, 765 மில்லியன் வாங்கிய வலப்புறக் காவலரால் பிட்சர் நிற்கும் மேட்டில் ஏறி நிற்க முடியாது.

அக்டோபர் 30, 2025

இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் யெசாவெஜ் 7 இன்னிங்ஸ் எறிந்து, 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, தவறான எறிகளால் ஒருவரைக்கூட இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிடவில்லை. இறுதித் தொடரில் ஒரு புதுமுகம் இவ்வளவு பேரை வீழ்த்தியது இதுவே முதன்முறை. ஜூலையில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் இந்த இரவை வாங்கியிருக்க முடியாது.

நவம்பர் 2, 2025

தோற்றோம். பதினொரு இன்னிங்ஸ், 5-4. நித்திரை வராததால் விடிய முன்பே எழுதுகிறேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னிலை. இரண்டே இரண்டு அவுட் எடுத்தால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். மேட்டில் ஹொஃப்மன். மிகேல் ரோஹாஸ் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டிச் சமன் செய்தது. பதினொன்றாவதில் மேட்டில் பீபர். வில் ஸ்மித் அடித்தது வெற்றியைப் பறித்தது. சந்தையில் வாங்கியவர் ஒருவர், இளைஞரைக் கொடுத்து வாங்கியவர் மற்றவர். இந்த இரண்டு பந்துகளை வைத்து எந்த வழியையும் பழிக்க இன்று பலர் வருவார்கள், ஆனால் பீபரும் ஹொஃப்மனும் இல்லாமல் இந்த அணி அந்த ஒன்பதாவது இன்னிங்ஸுக்கே வந்திருக்காது என்பதுதான் என் கருத்து. மூன்றாவது இன்னிங்ஸில் ஒஹ்டானியின் பந்தை மூன்று ஓட்டங்களுக்கு அடித்த போ பிஷெட் நாமே டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர். சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை ஒரே அடியில் திருப்பிய ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் 150 மில்லியன் டொலர் ஃப்ரீ ஏஜென்ட். வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களில் 30 ஹிட் அடித்துச் சாதனை படைத்த ஏர்னி கிளெமென்டோ, ஓக்லண்ட் விடுவித்த பிறகு மைனர் லீக் ஒப்பந்தத்தில் சும்மா கிடைத்தவர்.

எதிரணியைப் பார்த்தாலும் அப்படியே. ரோஹாஸைப் பெற டொட்ஜர்ஸ் கொடுத்தது ஜேக்கப் அமயா என்ற ஓர் இளைஞரை மட்டும். ஸ்மித் 2016இல் அவர்களே டிராஃப்டில் எடுத்தவர். கடைசி இரட்டை அவுட்டைத் தொடங்கிய மூக்கி பெட்ஸ் 2020இல் போஸ்டனிடமிருந்து பரிமாற்றத்தில் வந்து, பின்னர் 365 மில்லியன் ஒப்பந்தத்தால் நிலைபெற்றவர். முந்தின இரவு 6 இன்னிங்ஸ் எறிந்துவிட்டு, ஓய்வே இல்லாமல் நேற்று மறுபடி வந்து ஆட்டத்தை முடித்த யோஷினோபு யமமோட்டோ மட்டுமே இந்த நால்வருள் முழுக்கப் பணத்தால் வந்தவர், 325 மில்லியன். டொட்ஜர்ஸ் கிண்ணத்தை விலைக்கு வாங்கியது என்பவர்கள் யமமோட்டோவைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

நவம்பர் 27, 2025

டிலன் சீஸ், 7 ஆண்டுகள், 210 மில்லியன். சிக்காகோ கப்ஸ் டிராஃப்டில் எடுத்து, இளைஞராக இருந்தபோதே வைட் சொக்ஸுக்குக் கொடுத்தது. வைட் சொக்ஸ் நான்கு பேருக்காகச் சான் டியேகோவுக்குக் கொடுத்தது. பத்தாண்டுக்கும் மேலாகப் பிறர் முடிவுகளால் ஊர் மாறியவர், முதன்முறை தானே தேர்ந்தெடுத்த ஊர் ரொறன்ரோ. சென்ற குளிர்காலத்தில் நமக்குக் கிடைக்காமல் போனது இதுதான். இறுதித் தொடர் வரை போன அணிக்கு வர ஆட்கள் தயங்குவதில்லை போலும்.

பணத்துக்கு வெளியேயும் இதற்கு விலை உண்டு. முந்தைய அணி நீட்டிய ஓராண்டு ஒப்பந்தத்தை மறுத்து வந்தவர் என்பதால் டிராஃப்ட் தெரிவுகள் கைவிட்டுப் போகும். சம்பளத் தொகை மிகும் அணிகள் மீது லீக் விதிக்கும் ஆடம்பர வரியின் எல்லையைத் தாண்டிய அணிக்கு அது இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தெரிவுகள். ஸ்டீபன் வந்தது இரண்டாம் சுற்றில் என்பதை நினைத்தால், இதுவும் பெயர் சூட்டப்படாத ஓர் இளைஞரைக் கொடுத்து வாங்கியதுதான்.

டிசம்பர் 8, 2025

ஜெஃப் கென்ட் நேற்று பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். 1992 ஓகஸ்டில் டேவிட் கோனை வாங்குவதற்காக, புதுமுகமாக இருந்த கென்டையும் ரயன் தொம்சனையும் நமது அணி மெட்ஸுக்குக் கொடுத்தது. கோன் ஓரிரு மாதம் ஆடி, அணியின் முதல் கிண்ணத்தில் பங்கெடுத்து, குளிர்காலத்தில் ஃப்ரீ ஏஜென்டாகக் கன்சாஸ் சிட்டிக்குப் போய்விட்டார். கென்டோ 377 ஹோம் ரன் அடித்தார். இரண்டாம் பேஸில் ஆடியவர்களுள் அவரளவுக்கு யாரும் அடித்ததில்லை. காகிதத்தில் இது படுமோசமான வியாபாரம். ஆனால் 1992ஐ நேரில் கண்ட எந்த ரசிகரும் அதைத் திருப்பிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கேட்கமாட்டேன்.

பீபர் 2026இல் 16 மில்லியன் டொலருக்கு ஆடத் தன் ஒப்பந்தம் தந்த உரிமையைப் பயன்படுத்தி இங்கேயே தங்குவதாகச் சொல்லிவிட்டார், ஆகவே ஸ்டீபனுக்காக நாம் பெற்றது இன்னொரு முழுப் பருவமாக நீண்டிருக்கிறது. பிஷெட் இன்னும் எவரோடும் கையெழுத்திடவில்லை.