வராமல் போன இரண்டு இதழ்கள்

ஜூலை 13, ஞாயிறு

அம்மாச்சியின் டிரங்குப் பெட்டி இன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "இனிமே நீதான் பார்த்துக்கணும்." உள்ளே வேப்பிலைச் சருகுகளுக்கு நடுவில் கல்கி எழுதிய சோழர் காலத்துக் கதை, பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும். கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை தொடராக வந்தபோது, வாராவாரம் அம்மாச்சி கத்தரித்துச் சேர்த்துவைத்த பக்கங்கள். கும்பகோணத்தில் பைண்டு போட்டு, சிவப்புக் காலிகோ அட்டை ஒட்டியது. ராமபாணப் பூச்சி ஓரங்களைக் கொஞ்சம் துளைத்திருக்கிறது. கதைக்கு மணியம் வரைந்த ஓவியங்களை அது தொடவில்லை.

அம்மாச்சி படித்தது ஐந்தாம் வகுப்பு.

ஜூலை 16, புதன்

பதின்மூன்று வயதில் நூலகப் பதிப்பை ஒரு கோடை விடுமுறையில் பதினோரு நாளில் விழுங்கினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று கணக்கு இல்லை. ஆனால் இந்தப் பைண்டில் படிப்பது வேறு அனுபவமாக இருக்கிறது. பின்பக்கத்தில் யாரோ எழுதிய கட்டுரையின் பாதி, ஒரு சோப்பு விளம்பரத்தின் மீதி. கதை நின்ற இடத்தில் உண்மையாகவே நிற்கிறது. எட்டாவது அத்தியாயத்தின் தலைப்பே 'பல்லக்கில் யார்?'. அதைப் படித்துவிட்டு அடுத்த வாரம்வரை மாவு அரைத்து, மாட்டைக் கட்டி, துணி துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 293 அத்தியாயங்களை மூன்றரை ஆண்டு அப்படிப் படித்தவர்கள் அந்த மனிதர்களோடு சேர்ந்து வயதானவர்கள். பதினோரு நாளில் முடித்த எனக்கு அது கிடைக்கவில்லை.

அதனால் இந்த முறை ஒரு நாளுக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கட்டுப்பாடு போயிற்று. ஐந்தாம் பாகத்தைச் சும்மா புரட்டலாம் என்று எடுத்தேன். கடம்பூர் மாளிகை. நந்தினியின் அறையில் பட்டத்து இளவரசர் ஆதித்த கரிகாலர். யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கும் கதாநாயகன் வந்தியத்தேவன். கதை முழுவதும் எந்த இரவை நோக்கி வந்துகொண்டிருந்ததோ அந்த இரவு.

பக்கத்தைத் திருப்பினால் வெள்ளைத் தாள். ஒன்றல்ல, ஆறு. பைண்டு போடும்போதே சேர்த்துத் தைத்தவை. முதல் தாளின் மூலையில் பென்சிலில் அம்மாச்சியின் எழுத்து: "ரெண்டு இதழ் வரலை. பெரியவன் பிறந்த சமயம்."

அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். பெரிய மாமா பிறந்தபோது அம்மாச்சி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாளாம். அந்த ஊருக்குப் பத்திரிகை போகாது. வாங்கி வைக்கிறேன் என்று சொன்ன நாத்தனார் மழையில் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. "கரிகாலனைக் கொன்னது யாருன்னு அந்த ரெண்டு இதழ்லதான் இருந்திருக்கும்னு ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தா," என்றாள் அம்மா.

ஜூலை 21, திங்கள்

இரவு தூக்கம் வரவில்லை. அந்த அத்தியாயங்கள் எனக்கு மனப்பாடம். அங்கே பதில் இல்லை. விளக்கு அணைகிறது, இருள் சூழ்கிறது, இளவரசர் உயிரற்றுக் கிடக்கிறார். அங்கே இருந்தவர்களில் பலருக்கும் காரணம் இருந்தது. யார் கை என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார். பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து அவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். தொடர் சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களுக்காக முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அவரே போய்விட்டார்.

பின்னால் அம்மாச்சியும் புத்தகமாக வாங்கிப் படித்தாளாம். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று கேட்டேன். அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. இதை அம்மாச்சியிடமே கேட்காமல் விட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இரண்டாம் பாகம், கோடிக்கரை. பூங்குழலி படகு விடுகிறாள். குந்தவையை மதிக்கிறேன், நந்தினிக்காக வருந்துகிறேன். ஆனால் கூடவே போகலாம் என்று தோன்றுவது பூங்குழலியோடு மட்டும்தான்.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அதிகாலை பஸ்ஸில் காட்டுமன்னார்கோயில் போனேன். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து போகும் வழி. அங்கிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது.

கதையின் முதல் பக்கம் இந்த ஏரிக்கரைதான். இதே ஆடிப் பதினெட்டு. தென்னங்குருத்துச் சப்பரங்களையும் கூட்டாஞ்சோற்றுக் கும்பலையும் பார்த்தபடி குதிரைமேல் வந்தியத்தேவன். முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரில் வீரநாராயண ஏரி. தண்ணீர் பாயும் கணவாய்கள் 74 என்று கல்கி எழுதுகிறார். இன்று சென்னை குடிப்பதும் இந்தத் தண்ணீரை. கரையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். நான் வந்ததே இதற்காகத்தான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று சுவரில் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களும், அவர்களுடைய உறவினர்களின் நிலங்களைக் கைப்பற்றிய செய்தியும் அதில் உண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ரவிதாசன்! கதையில் சதிகாரர்கள் கூடும் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் பார்த்து நான் நடுங்கிய அதே பெயர். கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர் டார்ச் அடித்து வரிகளைக் காட்டினார். இரண்டு மூன்று எழுத்துகள்தான் எனக்குப் பிடிபட்டன. விரலை வைத்துப் பார்த்தேன். கொலை செய்தவர்களைச் சொல்லும் கல், ஏவியவர் உண்டா என்பதைச் சொல்லவில்லை. அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், மறுத்தவர்களும் உண்டு. கதை தொடங்கும் ஏரிக்குப் பக்கத்திலேயே அதன் முடிச்சும் இப்படிக் கல்லாக நின்றிருக்கிறது. இத்தனை வருஷம் படித்தும் வந்து பார்க்கவில்லை.

ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்ததும் இதே ஊர். கும்பகோணத்துப் பெருமாள் ஆராவமுதனைப் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார், 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்று முடிந்ததும் மீதி எங்கே என்று தவித்துப் புறப்பட்டார் என்பார்கள். திரும்பும் பஸ்ஸில் அந்த ஆறு வெள்ளைத் தாள்களையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

விடுபட்ட அத்தியாயங்களைக் கையால் எழுதி வெள்ளைத் தாள்களை நிரப்பிவிடலாம் என்று நேற்றுவரை நினைத்தேன். வேண்டாம். பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து எதற்கு?

அதற்குப் பதில் பைண்டையும் கடைப் பதிப்பையும் எடுத்துக்கொண்டு மாயவரத்தில் பெரிய மாமா வீட்டுக்குப் போனேன். கண்ணில் புரை வளர்ந்து அவருக்கு எழுத்து தெரிவதில்லை. வெள்ளைத் தாளைத் தடவிப் பார்த்தார். "நான் பிறந்ததுக்கு இவ்வளவு பெரிய நஷ்டமா அக்காவுக்கு?" என்றார். தாயை அக்கா என்று கூப்பிட்டே வளர்ந்தவர்.

விடுபட்ட இடத்திலிருந்து வாசித்தேன். விளக்கு அணைந்த இடத்தில் நிறுத்தினேன்.

"சரி, கொன்னது யாரு?"

"சொல்லலை மாமா."

"அடுத்ததுல இருக்கும். படி."

மணி பத்தரை ஆகியிருந்தது. படித்தேன்.