நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டு முழுக்க நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" எளிதான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். பதில் சொல்பவர்கள் யோசிப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மாவிடம் இனிப்பைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் விட்டுட்டேன்" என்றார். படிவத்தை மூடிப் பேனாவைப் பையில் வைத்த பிறகு, "தினமும் கொஞ்சம் உண்டு, மகளுக்குத் தெரியக் கூடாது" என்றார். அவரைப் பொய் சொன்னவராக என்னால் நினைக்க முடியவில்லை. சாப்பாட்டுக்காகத் திட்டு வாங்கிப் பழகியவர் அவர். நான் கேட்ட விதத்தில், என்னையும் திட்ட வந்தவனாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று மக்கள் கூட்டங்களில் ஆராயும் துறை நோய்ப்பரவலியல். உணவுக்கும் நாள்பட்ட நோய்களுக்கும் உள்ள தொடர்பை அதில் தேடும்போது பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்த மறதியையும் கூச்சத்தையும் அளக்க ஒரு வழி உண்டு. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு வாரம் வரை சிறுநீரைச் சோதிப்போம். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டது என்று கணக்கிடலாம். எடை மாறாமல் இருப்பவர் ஏறத்தாழ அவ்வளவு ஆற்றலைத்தான் உணவிலிருந்து பெற்றிருக்க வேண்டும். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், மக்கள் சொல்வது பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. உடல் எடை கூடியவர்களிடம் இந்தக் குறை இன்னும் அதிகம். திட்டு அதிகம் வாங்கியவர்களும் அவர்கள்தானே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்த நீருக்கு ஆகும் செலவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதைச் செய்ய முடியாது. அதனால் சிலரிடம் மட்டும் அளந்து, மற்றவர்களின் பதில்களை அதை வைத்துத் திருத்துகிறோம். இந்தத் திருத்தும் வேலையிலேயே என் எட்டு ஆண்டுகள் போயின. அளவீட்டில் பிழை இருந்தால், உண்மையான தொடர்புகூட அநேகமாக மங்கித்தான் தெரியும்.

நான் மாணவனாக இருந்தபோது, 1994இல், ஃபின்லாந்து ஆய்வின் முடிவு வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. கேரட் போன்றவற்றுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற பொருள்தான் காரணமாக இருக்கும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையிலும் பாதிப்பு தெரிந்ததால் 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்தினார்கள். காய்கறி அதிகம் சாப்பிடுபவர் புகையைக் குறைவாகப் பிடிப்பவராகவும் இருக்கலாம். காய்கறியில் இருப்பது ஒரே ஒரு பொருளும் அல்ல. இதெல்லாம் முன்பே தெரிந்த விஷயங்கள்தான். ஆனாலும் நல்லது செய்ய நினைத்துக் கொடுத்த மாத்திரை அது. "இதைச் சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்டால் இன்றும் நான் உடனே பதில் சொல்வதில்லை.

எங்கள் குழுவிலும் ஒரு பிழை நடந்தது. வாரத்துக்கு எத்தனை முறை என்ற ஒரு பதிலை, நாளுக்கு எத்தனை முறை என்று நான் குறியீடு செய்திருந்தேன். கட்டுரையை அனுப்பி மூன்று வாரம் கழித்து ஒரு மாணவி அதைக் கண்டுபிடித்தார். சொல்ல மிகவும் பயந்திருக்கிறார், இரண்டு நாள் தூங்கவில்லையாம். கட்டுரையைத் திரும்பப் பெற்று எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டோம், முக்கிய முடிவு காணாமல் போனது. 2013இல் வெளியான ஸ்பெயினின் பெரிய உணவுமுறைச் சோதனையில், சில இடங்களில் குலுக்கல் சரியாக நடக்கவில்லை என்று தெரிந்ததும், ஆய்வாளர்களே 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறு ஆய்வு செய்து வெளியிட்டார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது சிறியதுதான். ஆனால் அந்த மாணவி பயப்படும்படியான ஒரு அறையை நான் நடத்தியிருக்கிறேன் என்பது என்னை அதிகம் உறுத்தியது. இப்போது குறியீடு முழுவதையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுகிறோம்.

நிதி விண்ணப்பங்கள், குழுக் கூட்டங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காத்திருப்பைப் பற்றிச் சொல்லலாம். 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் உணவுக் கேள்விகள் 1980இல்தான் சேர்ந்தன. இதயநோயும் புற்றுநோயும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும், கேட்டவர் ஓய்வு பெற்ற பிறகும் பதில்கள் வந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஆய்வில் போன ஆண்டு ஒரு படிவம் வேறு கையெழுத்தில் திரும்பி வந்தது. அம்மா இறந்துவிட்டார், அவர் நிரப்பிய அளவில் படிவத்தை அப்படியே அனுப்புகிறேன் என்று மகள் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கம் வரை அம்மாவின் கையெழுத்து. இறந்த தேதியை எங்கள் தரவு அட்டவணையில் அவருடைய வரிசையில் நானே பதிந்தேன். 11 ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்ன காய்கறி, பழம், உப்பு எல்லாம் அதே வரிசையில், அதே எண்ணுக்கு எதிரே இருந்தன.