பெங்களூரு நீரில் பச்சை நியான் டெட்ரா

பச்சை நியான் டெட்ரா என்னும் தொட்டி மீன் முழு வளர்ச்சியிலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. அதன் தாயகம் ரியோ நெக்ரோ, ஓரினோகோ ஆறுகளின் மேற்பகுதி. அங்கே காட்டுச் சருகுகள் ஊறி நீர் பால் கலக்காத தேநீரின் நிறம் பெறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவோ (இது குறையக் குறைய அமிலம் மிகும்) 5-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் நிற்கிறது.

எங்கள் அடுக்ககக் குழாயில் ஒரு நாள் காவிரி நீர் வரும், மறுநாள் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும், கோடையில் டேங்கர் நீரும் கலக்கும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால்தான் வேறுபாடு புரியும். இந்த நுண்ணிய மீன்களைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட திடீர் மாற்றமே என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே வடிகட்டி உப்புகளை நீக்கிய ஆர்ஓ நீரில் சிறிதளவு குழாய் நீரைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மீட்டரில் ஒரே அளவு வரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

தெருவோர வாதுமை மரத்தின் காய்ந்த இலையைப் போட்டால் போதும், நீர் அமிலமாகிவிடும் என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். நீரில் கார்பனேட் கடினத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட் உப்புகளின் அளவு) மிகுந்திருந்தால் இலையின் அமிலம் அதை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிடும்; நிறம் மாறும், பிஎச் அசையாது. ஆர்ஓ நீரில் அதே இலை நன்றாக வேலை செய்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிஎச் 6-க்குக் கீழே போனால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மந்தமடைகின்றன. சேரும் அம்மோனியா, நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே தங்கியிருப்பதால் மீன்கள் பிழைத்திருக்கும். அந்தத் தொட்டியில் கடினமான குழாய் நீரை ஒரேயடியாக ஊற்றினால் பிஎச் உயர்ந்து, தேங்கியிருந்த அம்மோனியம் மீண்டும் அம்மோனியாவாக மாறிவிடும். தெளிந்த புதுநீரில் மீன்கள் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இரையைக் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும். வாய் மிகச் சிறியதாதலால் அன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிரி) குஞ்சுகளே இவற்றுக்கு ஏற்ற இரை.

மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே குளிர் 15 டிகிரி வரை இறங்குவதால் ஹீட்டர் கட்டாயம்; 26 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது நல்லது. பத்துக்கும் மேற்பட்ட மீன்கள் சேர்ந்திருந்தால்தான் அச்சமின்றி நீந்தும்.

ஆர்ஓ நீருக்கு வழியில்லாதவர்கள் இந்த மீனை வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த சாதாரண நியான் டெட்ரா சற்றே கடினமான நீரையும் ஏற்றுக்கொள்ளும்.